அஞ்சு நட்சத்திரம், அரைக் கிலோ

லே பேராண்டி, நீ குடும்ப வாட்ஸப்புல போட்ட பட்டியல் வந்து சேந்துச்சு. சினிமா ஒரு பக்கம், பொஸ்தகம் ஒரு பக்கம், ஒவ்வொண்ணுக்கும் நட்சத்திரம் வேற. அடியில ‘தாத்தாவும் கட்டாயம் பாக்கணும்’னு ஒரு வரி. சந்தோசம். உங்கம்மா கும்பிடுத கை போட்டா, உன் சித்தப்பன் கட்டைவிரலைத் தூக்குனான். ரெண்டு பேரும் ஒரு வரிகூடப் படிக்கலைன்னு எனக்குத் தெரியும். மேல இருந்து கீழ வரைக்கும் எழுத்துக் கூட்டிப் படிச்சவன் நான் ஒருத்தன்தான். வேலையத்தவன் நான்தானே!

படிச்சுட்டு உங்க ஆச்சிகிட்ட சொன்னேன், பையன் பெரிய படிப்பாளியா வந்துட்டான்னு. அவ கேட்டா, “இதெல்லாம் அவன் படிச்சதா, படிக்கணும்னு ஆசைப்பட்டதா?” அந்தக் கேள்வியை நான் உன்கிட்ட கேக்க மாட்டேன். நீ வருத்தப்படுவ. எனக்குப் பதில் தெரியும்.

எப்படித் தெரியும்னு கேக்கியா? உன் தாத்தன் பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவன்தான். ஆனா தாராவியில ரத்திக் கடை வச்சு உங்கப்பனைப் படிக்க வச்சவன். பழைய பேப்பர், நோட்டு, பொஸ்தகம், அட்டைன்னு எது வந்தாலும் எடை போட்டு வாங்கி, தரம் பிரிச்சு, கட்டுக் கட்டி, வாபி மில்லுக்கு லாரி ஏத்தி விடுத தொழில். ஒரு பொஸ்தகத்தை எவன் எழுதினான்னு எனக்குத் தெரியாது. எவன் படிச்சான், எவன் படிக்கலைங்கிறது தராசுல வைக்கும்போதே தெரிஞ்சிரும்.

படிச்ச பொஸ்தகத்துக்கு முதுகு ஒடஞ்சிருக்கும். பக்கத்து ஓரம் எண்ணெய் குடிச்சிருக்கும். நடுவுல பெஸ்ட் பஸ் டிக்கெட்டு, மருந்துச் சீட்டு, குழம்புக் கறை, எவளோ ஒருத்தி எழுதி அனுப்பாம வச்ச கடுதாசின்னு ஏதாவது ஒண்ணு கெடக்கும். படிக்காத பொஸ்தகம் கல்யாணத்துல வந்த வெள்ளித் தட்டுக் கணக்கா பளபளன்னு வரும். முதல் பக்கத்துல ‘அன்புடன்’னு கையெழுத்து இருக்கும், அதுக்குப் பெறகு எந்தக் கையும் பட்டிருக்காது. ரெண்டுக்கும் எடையில ஒரே ரேட்டு. அதுலயும் செய்தித்தாளுக்குக் கெடைக்குத ரேட்டு பொஸ்தகத்துக்குக் கெடைக்காது. அட்டையும் பசையும் மில்காரனுக்குத் தொந்தரவு. எழுதுதவன் யாராவது உனக்குப் பழக்கமிருந்தா இதை மட்டும் சொல்லிராத, பாவம்.

கம்ப்யூட்டர் வேலை பாக்குத உங்க ஆளுக பொஸ்தகத்தைப் பத்தி ஒரு ரகசியம் சொல்லுதேன். கம்ப்யூட்டர் பொஸ்தகந்தான் எங்க தொழில்ல தங்கம். ஒண்ணு தூக்குனா ஒரு கிலோவுக்குக் கொறையாது. மாட்டுங்காவுல விஜேடிஐ இருக்கு, அந்தக் காலத்துல யூடிசிடின்னு சொன்னது இருக்கு, ருயா, பொதார், கால்சான்னு காலேஜுக்குப் பஞ்சமே இல்ல. மே மாசம் ஆச்சுன்னா ஹாஸ்டல் பயலுக மூட்டையாக் கொண்டாந்து கொட்டுவானுக. இருபத்தோரு நாள்ல இதைக் கத்துக்கோ, இருபத்துநாலு மணி நேரத்துல அதைக் கத்துக்கோன்னு அட்டையில போட்டிருக்கும். வெரலால பக்கத்தைத் தள்ளிப் பாப்பேன். மூணாம் நாள் வரைக்கும் அழுக்கு. நாலாம் நாள்ல இருந்து கன்னி கழியாத வெள்ளை. அதுல கொஞ்சம் நல்லதாப் பாத்து ஒதுக்கி, கிங்ஸ் சர்க்கிள் பிளாட்பாரத்துல மகேஸ்வரி உத்யான் பக்கம் பழைய பொஸ்தகம் விக்கிறானுகல்லா, அவனுகளுக்குக் குடுப்பேன். அடுத்த வருசம் வேற ஒரு பய அதையே வாங்கி, மூணு நாள் படிச்சு, திரும்ப என்கிட்டயே கொண்டாருவான். ஒரே பொஸ்தகம் எனக்கு எத்தனை தடவை சோறு போட்டிருக்குன்னு நெனைக்க? அந்தச் சாதியில ஒண்ணும் உன் பட்டியல்ல இல்ல. அதுக்காகவே உனக்கு ஒரு நட்சத்திரம் நான் போடுதேன்.

சரி, உன் பொஸ்தகப் பட்டியலுக்கு வருவோம். முதல்ல ஒரு வெள்ளைக்காரன். ஐபிஎம்முல பெரிய வேலை பாத்தவன், பிரெட் புரூக்ஸ், 1975ல எழுதினது. பிந்திப்போன வேலைக்கு மேல மேல ஆளைச் சேத்தா இன்னும் பிந்தும்னு அதுல சொல்லியிருக்கான்னு போன தீபாவளிக்கு வந்தப்போ கையை ஆட்டி ஆட்டிச் சொன்ன. உங்க ஆச்சி அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டே இருந்தா. சமையல் பிந்திப்போச்சுன்னு நாலு நாத்தனார் கூட வந்து நின்னா சோறு என்னைக்கு வெந்துச்சு? புதுசா வந்தவளுக்கு உப்பு எங்க, புளி எங்கன்னு சொல்லிக் குடுக்கவே அடுப்பு அணைஞ்சிரும். அதைத்தான் அந்த மனுசன் கோடு போட்டு, கணக்குப் போட்டு எழுதியிருக்கான். நல்ல பொஸ்தகம். ஆனா அதை உன் மேனேசருக்கு அனுப்பு லே, எனக்கு எதுக்கு?

அடுத்தது நூத்து. டொனால்டு நூத்து. அவரு 1968ல முதல் பாகம் போட்டாரு, இன்னும் எழுதிக்கிட்டே இருக்காரு, போன பாகம் 2022லதான் வந்துச்சுன்னு நீயே சொன்ன. 2008 வரைக்கும் தப்பு கண்டுபிடிச்சுச் சொன்னா தப்புக்கு ரெண்டு டாலர் அம்பத்தாறு காசு அனுப்பிக்கிட்டிருந்தாராம். மனுசன்! நம்ம ஊர் எழுத்தாளனுககிட்ட தப்பைச் சொல்லிப் பாரு, காசுக்குப் பதிலா என்ன வரும்னு தெரியும். ஆனா ராசா, இத்தனை வருசத்துல அந்தப் பொஸ்தகம் ஒண்ணுகூட என் கடைக்கு வந்தது கெடையாது. அலமாரியில வச்சவன் எவனும் அதைக் கீழ இறக்குதது இல்லன்னு அர்த்தம். நீ அதுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்க. முதல் பாகத்துல எத்தனையாவது பக்கத்துல நிக்கன்னு நான் கேட்டேனா? கேக்கல.

இன்னொண்ணு போட்டிருக்கல்லா, குயில் முட்டைன்னு, கிளிபோர்டு ஸ்டோல் எழுதினது, அது மட்டும் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. நீ கதையைச் சொல்லும்போதே பிடிச்சுது. 1986ல அமெரிக்காவுல பெர்க்லியில ஒரு ஆராய்ச்சிக் கூடம். நட்சத்திரம் பாக்குத படிப்பு படிச்ச ஆளைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் கணக்குல எழுபத்தஞ்சு காசு ஒதைக்குது, என்னன்னு பாருன்னு சொல்லுதாவ. வேற எவனா இருந்தாலும் தன் சட்டைப் பையில இருந்து எழுபத்தஞ்சு காசை எடுத்து வச்சுட்டுப் போயிருப்பான். இவன் விடல. மாசக்கணக்கா நூலைப் பிடிச்சுக்கிட்டே போய், ஜெர்மனியில உக்காந்து அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டருக்குள்ள திருட்டுத்தனமாப் பூந்து, ரஷ்யாக்காரனுக்குச் சேதி வித்தவனைப் பிடிச்சுட்டான். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அந்த மனுசனை மட்டும் எனக்குத் தெரிஞ்சிருந்தா, எடைக்கல்லுல என்னை ஏமாத்துன மொத்த யாவாரிகளையும் அவனை விட்டுப் பிடிச்சிருப்பேன். பாத்தியா, இதுக்கு மட்டும் ஏன் எனக்கு மண்டையில ஏறுச்சு? நீ எனக்காகச் சொன்ன. கடைக்காரனுக்குக் கணக்கு ஒதைக்குத கதைதான் பிடிக்கும்னு உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. பட்டியல்ல அது பதினோராவதா, மூணரை நட்சத்திரத்தோட கெடக்கு.

இனி சினிமா. மேட்ரிக்ஸை முதல்ல வச்சிருக்க. 1999ல வந்த படம். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தன் ரெண்டு மாத்திரையை நீட்டுவான், சிவப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணு, எதைத் திங்கணும்னு அந்தப் பய யோசிப்பான். எனக்கு நம்ம சயான் டாக்டர் அஞ்சு எழுதிக் குடுத்திருக்காரு. யோசிக்க விட மாட்டாரு, சாப்பாட்டுக்கு முன்னால ரெண்டு, பின்னால மூணு. நாம பாக்குத உலகமே பொய்யின்னு சொல்லுத படத்துக்கு இந்த ஊர்க்காரன் எதுக்குலே டிக்கெட்டு எடுக்கணும்? பட்டினத்தாரைப் படிச்ச எங்க வாத்தியாரு அதை ஓசியிலயே சொல்லிக் குடுத்தாரு.

பெறகு பேஸ்புக்கு பொறந்த கதை, இங்கிலீசுல ரோபோ வாரது, ரோபோவோட காதல் பண்ணுதது. ஒண்ணுகூட நம்ம தெருப் பக்கம் எட்டிப் பாக்கல. செம்பூருக்குக் குடி போயி, லிப்டு வச்ச வீட்டுல இருந்துட்டா தாராவி கண்ணுக்குத் தெரியாதா ராசா? லோக்கல்ல ஏறுனா எத்தனை ஸ்டேஷன்? அட, தாராவியை விடு. நீ இருக்குத செம்பூர்லயே ராஜ்கபூர் 1948ல கட்டின ஆர்.கே. ஸ்டூடியோ இருந்துச்சு. 2017ல தீப்பிடிச்சு எரிஞ்சுது, பெறகு கோத்ரெஜ் வாங்கிருச்சு. அந்தாளு எடுத்த ‘ஸ்ரீ 420’ பாத்திருக்கியா? 1955ல வந்தது. அலகாபாத்துல இருந்து பட்டத்தையும் நேர்மைக்கு வாங்கின மெடலையும் தூக்கிக்கிட்டு ஒரு பய பம்பாய்க்கு வாரான். வந்ததும் முதல்ல அடகுக்கடையில வைக்கிறது எதை? அந்த மெடலைத்தான். வேலைக்காக ஊரு விட்டு வந்த எவனுக்கும் வயித்துல கத்தி சொருவுத படம். உன் பட்டியல்ல இல்ல.

தாராவியைக் காட்டின படம் எத்தனை வந்திருக்குன்னு தெரியுமா? ஒரு கணக்குச் சொல்லுதேன், ரசம் ஆறுததுக்குள்ள கேளு.

‘நாயகன்’ வந்தது 1987 தீபாவளிக்கு. அதுல வார வேலு நாயக்கரு யாருன்னு மாட்டுங்காவுல பூக்காரிக்குக்கூடத் தெரியும். விடி ஸ்டேஷன்ல போர்ட்டரா இருந்து பெரிய ஆளா ஆன வரதராஜ முதலியாரு. மாட்டுங்கா ஸ்டேஷன் வாசல்ல அவரு வைக்குத பிள்ளையார் பந்தலைப் பாக்க ஊரே திரளும். படம் வந்த மறு வருசம், 1988ல அவரு மெட்ராஸ்ல செத்துப் போனாரு. சரி, படத்துல நாங்க பாத்து மூக்குல வெரலை வச்ச தாராவி எங்க இருந்துச்சு தெரியுமா? மெட்ராஸ்ல. தோட்டா தரணி செட்டுப் போட்டு எழுப்பின தாராவி. அதுக்குத் தேசிய விருதும் குடுத்தாவ. கமலுக்கு ஒண்ணு, கேமரா பிடிச்ச பி.சி. ஸ்ரீராமுக்கு ஒண்ணு. 2005ல டைம் பத்திரிகை உலகத்துல நூறு நல்ல படம்னு ஒரு பட்டியல் போட்டுச்சு, அதுலயும் நாயகன் இருந்துச்சு. பட்டியல்னா அது பட்டியல்! அதுல எல்லா நாட்டுப் படமும் உண்டு. நீ போட்டதுல அமெரிக்கா தாண்டல.

‘காலா’ 2018ல வந்துச்சு. அதுக்கும் மெட்ராஸ்ல ஒரு தாராவியைக் கட்டுனானுக. நாம குடியிருக்குத எடம் ரெண்டு தடவை மெட்ராஸ்ல மொளைச்சிருக்கு, இங்க ஒரு சாக்கடைக்கு மூடி போட ஆளில்ல. படத்துல ரஜினி திருநெல்வேலிக்காரராவே வாராரு, அவரு சம்சாரம் வாயைத் திறந்தா நம்ம ஆச்சியேதான். மாட்டுங்கா அரோரா தியேட்டர்ல ரஜினி படம்னா விடியக்காலமே மேளம் கொட்டிரும், உனக்கு ஞாபகம் இருக்கும், உன்னைத் தோள்ல வச்சுக்கிட்டுப் போயிருக்கேன். எல்லாரும் அடிதடியைப் பாத்து விசிலடிச்சானுக. நான் ரத்திக்காரன், படத்துல எங்க பொஸ்தகம் தெரிஞ்சாலும் கண்ணு அங்கதான் போவும். காலா வீட்டு மேசையில ‘இராவண காவியம்’ இருக்கும். புலவர் குழந்தை எழுதி 1946ல வந்த பொஸ்தகம், 1948ல தடை போட்டாவ, 1971லதான் தடையை எடுத்தாவ. எதிராளி வீட்டுல ராமாயணம் கேக்கும், இவரு மேசையில இது இருக்கும். பா. ரஞ்சித் ஒரு வசனமும் வைக்காம ஒரு பொஸ்தகத்தை வச்சு வேலையை முடிச்சுட்டான். அந்தப் படத்துப் பாட்டுல இங்கிலீசும் இந்தியும் தமிழுமாக் கலந்து கத்துனானுகல்லா டோப்அடெலிக்ஸ் பயலுக, அவனுக தாராவிப் பிள்ளைகதான். மறுவருசம் ‘கல்லி பாய்’னு இந்தியில ஒண்ணு வந்து, தாராவிப் பிள்ளை ராப் பாடுதான்னு ஊரே அதிசயப்பட்டுச்சு. நமக்கு என்ன அதிசயம், நாம முந்தின வருசமே கேட்டாச்சு.

‘ஸ்லம்டாக் மில்லியனர்’ எட்டு ஆஸ்கார் வாங்குச்சு, நம்ம ரகுமானுக்கு ரெண்டு. அதைப் பாத்துட்டு வந்த வெள்ளைக்காரக் கூட்டம் இன்னைக்கும் சந்துக்குள்ள வரிசையா நடந்து போவுது, நான் வாசல்ல உக்காந்து பல்லு வெளக்குததைப் போட்டா பிடிக்குது. அதுக்கு மேல அந்தப் படத்தைப் பத்திப் பேச எனக்குப் பிரியமில்ல.

‘பம்பாய்’ படத்தை நான் பாக்கல. கலவரம் நடந்த 1992 டிசம்பர்லயும் 1993 ஜனவரியிலயும் நான் இங்கதான் இருந்தேன்.

இதுல எதுக்கு நான் நட்சத்திரம் போடுவேன்னு கேக்கியா? ஒண்ணுக்கும் இல்ல. நீங்க யாரும் பாக்காத ஒண்ணு இருக்கு. சுதீர் மிஸ்ரா எடுத்தது, பேரே ‘தாராவி’தான். தொண்ணூறுகளோட தொடக்கத்துல வந்துச்சு. ஓம் புரி டாக்ஸி ஓட்டுவான், ஷபானா ஆஸ்மி அவன் பொண்டாட்டி. அவனுக்குச் சொந்தமா ஒரு பேக்டரி வைக்கணும்னு ஆசை. ஊரெல்லாம் கடன் வாங்குவான், கூட்டாளி பணத்தையும் போடுவான், எல்லாம் போவும். கனவுல மட்டும் மாதுரி தீட்சித் வருவா. தாதா தெய்வமா நிக்க மாட்டான். நான் பாத்த தாராவி அதுதான். பக்கத்துக் கடைக்காரன், எதிர்த்த வீட்டுக்காரன், உங்கப்பன், எல்லாரும் அதுல இருக்கோம். உங்கப்பன் ரெண்டு வாட்டி யாவாரத்துல தோத்த கதையை நீ கேட்டதில்லல்லா, கேட்டுப் பாரு.

பொஸ்தகமும் உண்டு. கல்பனா சர்மா 2000த்துல தாராவியைப் பத்தி இங்கிலீசுல எழுதினது. குஜராத்துல இருந்து வந்த குயவன் கும்பார்வாடாவுல சட்டி பானை செய்யுதது, நம்ம திருநெல்வேலிச் சனம் தோல் பதனிட வந்தது, 13ம் நம்பர் கம்பவுண்டுல பிளாஸ்டிக்கை ஒடைச்சு உருக்குததுன்னு எல்லாம் வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதியிருக்காவ. தாராவி ஒரு ஊரில்ல, பல ஊரு கூடுன எடம்னு அதைப் படிச்சாத் தெரியும். 2022 கடைசியில தாராவியை மாத்திக் கட்டுத டெண்டர் அதானி கைக்குப் போயிருச்சு. எடத்தை இடிச்சு மாத்துததுக்கு முன்னால எப்படி இருந்துச்சுன்னு எழுதி வச்ச பொஸ்தகத்தை நீ படிக்காட்டி, உன் பிள்ளைக்கு எதைக் காட்டுவ? நாயகன் செட்டையா?

இப்ப நீ மனசுக்குள்ள என்ன சொல்லுதன்னு எனக்குக் கேக்குது. கம்ப்யூட்டர்காரனுக்குத் தமிழ்ப் பொஸ்தகம் எதுக்கு, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு. லே, பொஸ்தகத்தையும் சினிமாவையும் ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்த பெரிய கை ஒரு இஞ்சினியருதான். பெங்களூருல பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல வேலை பாத்தவரு, ஓட்டுப் போடுத மிஷினைச் செஞ்ச கூட்டத்துல ஒருத்தரு. எஸ். ரங்கராஜன். சுஜாதான்னு சொன்னாத்தான் உங்க ஆச்சிக்குத் தெரியும். கணையாழின்னு ஒரு சின்னப் பத்திரிகை, 1965ல டெல்லியில தொடங்குனது. அதோட கடைசிப் பக்கத்துல ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.னு பேரைப் போட்டுக்கிட்டு, தான் படிச்சது, பாத்தது, ரசிச்சதுன்னு எழுதுவாரு. பேரு தெரியாத பயலோட கவிதையைக்கூட எடுத்து வச்சு, இவன் நல்லா எழுதுதான், கவனிங்கன்னு சொல்லுவாரு. சினிமாப் பாட்டு எழுதின நா. முத்துக்குமாரு இருந்தான்லா, அவன் சின்னப் பயலா ‘தூர்’னு ஒரு கவிதை எழுதினப்போ சுஜாதா பாராட்டினாரு, அதுக்கப்புறந்தான் ஊரு திரும்பிப் பாத்துச்சு.

என் கடைக்கு வாரதுல அவரு சமாச்சாரத்தை நான் தொட்டே கண்டுபிடிச்சுருவேன். விகடன்ல வந்த தொடர்கதையைக் கிழிச்சுச் சேத்து, வீட்டுலயே ஊசி நூலு போட்டுத் தச்சு, காலண்டர் அட்டை ஒட்டி வச்சிருப்பாவ. ‘என் இனிய இயந்திரா’ அப்படித்தான் வரும். ஜீனோன்னு ஒரு ரோபோ நாய்க்குட்டி பேசும். மாட்டுங்காவுல, செம்பூர்ல, அம்மாமாருக பொட்டியில பட்டுச் சேலைக்கு அடியில அது கெடந்திருக்கு. அந்த அம்மா போனதுக்கப்புறம் மருமக என்கிட்டப் போட்டுட்டுப் போவா. அதை மட்டும் நான் மில்லுக்கு அனுப்ப மாட்டேன். அந்தாளு 2008ல போயிட்டாரு, அவரு வசனம் எழுதின ‘எந்திரன்’ 2010லதான் வந்துச்சு. அதுல ரஜினி ரோபோ பொஸ்தகத்தைச் சும்மா புரட்டுனாலே மண்டையில ஏறிரும். உனக்கும் அந்தக் கலை கைவந்திருக்குன்னு உன் பட்டியலைப் பாத்தாத் தெரியுது, ஏறுததுதான் இல்ல.

உங்க தொழிலைப் பத்தியே தமிழ்ல நாவல் உண்டு. இரா. முருகனோட ‘மூன்று விரல்’. மூணு வெரலை வச்சு அமுக்குனா உங்க மிஷின் திரும்ப உசுரு பெறுமாமே, அதான் பேரு. ராம் எடுத்த ‘கற்றது தமிழ்’ 2007ல வந்துச்சு. தமிழ் எம்.ஏ. படிச்ச பய ஒருத்தன், உங்க சம்பளத்தைப் பாத்து வயிறு எரிஞ்சு வெறி பிடிச்சு அலைவான். அதை உங்க ஆபீசுல உள்ள தமிழ்ப் பயலுகளுக்கு ஒரு நாள் போட்டுக் காட்டு, கேன்டீன்ல கொஞ்சம் அடக்கமாப் பேசுவானுக.

அப்புறம், சிபாரிசு செய்யுததுக்கே மிஷின் வந்துருச்சுன்னு சொன்னல்லா. நெட்பிளிக்ஸ்காரன் 2006ல பந்தயம் வச்சான், எவனுக்கு எந்தப் படம் பிடிக்கும்னு கணிக்குததுல எங்க மிஷினை விடப் பத்து சதம் நல்லாச் செஞ்சு காட்டு, பத்து லட்சம் டாலர் தாரேன்னு. உலகத்துல உள்ள கணக்குப் புலிகளெல்லாம் மூணு வருசம் மண்டையை ஒடைச்சு, 2009ல ஒரு கூட்டம் ஜெயிச்சுது. காசைக் குடுத்துட்டு, அந்த முழு வித்தையை அவன் வேலைக்கு எடுக்கவே இல்லையாம். 2017ல நட்சத்திரத்தையே தூக்கிட்டுக் கட்டைவிரலை வச்சுட்டான். நீ இன்னும் நட்சத்திரத்தைப் பிடிச்சுத் தொங்குத! நம்ம வீட்டு டீவியில காலா பாத்தேன், மறுநாள் அது பூரா ரஜினியாக் கொண்டாந்து கொட்டுது. அறிவு கெட்ட மிஷின்தான். ஆனா நேத்து நான் என்ன பாத்தேன்னு பாத்துட்டாவது சொல்லுது. நீ அதைக்கூடப் பாக்கலையே ராசா.

உன் குலதெய்வம் பில் கேட்ஸைப் பாரு. 1991ல அவரு வாரன் பபெட்டைப் பாத்த கொஞ்ச நாள்ல, யாவாரத்தைப் பத்தி நல்ல பொஸ்தகம் ஒண்ணு சொல்லுன்னு கேட்டாராம். பபெட்டு பட்டியல் எழுதல. தன் வீட்டுல இருந்த ஜான் புரூக்ஸோட ‘பிசினஸ் அட்வென்ச்சர்ஸ்’ங்கிற தன் சொந்தப் பிரதியையே அனுப்பி வச்சாரு. 1969ல வந்த பழசு, கடையில கெடைக்காதது. ஒண்ணே ஒண்ணு, அவரு படிச்சது, இவருக்குன்னு அனுப்புனது. கேட்ஸ் அதைப் பத்தி 2014ல எழுதினதும், செத்துக் கெடந்த பொஸ்தகத்தைத் திரும்ப அச்சடிச்சு, அது விக்காத எடமில்ல. எழுதின மனுசன் 1993லயே போயிட்டான், பாவம். இருபது வருசமா இரவல் பொஸ்தகத்தைத் திருப்பிக் குடுக்காத கேட்ஸைப் பத்தியும் உங்க ஆச்சி ஒரு வார்த்தை சொன்னா, அதை இங்க எழுத முடியாது.

ஆக, உன் பட்டியல்ல உள்ள நாப்பதும் எனக்கு வேண்டாம் லே. என் கண்ணுக்கு இனி நாப்பது தாங்காது. உன் ஆபீசுப் பயலுகளுக்கு அந்தப் பட்டியலைக் குடு, தொழிலுக்கு ஆவும். உங்கம்மாவுக்கு அம்பை எழுதின ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’ வாங்கிக் குடு. அம்பை நம்ம பம்பாய்லயே இருக்குத அம்மா, 2021ல சாகித்திய அகாதமி வாங்கினாவ. சுதா குப்தான்னு ஒரு பொம்பளை துப்பறிவா, பெருசாச் சத்தம் போட மாட்டா, சனங்களைப் பாத்தே கண்டுபிடிப்பா. உங்கம்மா அடுத்த வீட்டுல என்ன நடக்குதுன்னு துப்பறியுததுக்கு ஒரு முறை கெடைக்கும். உன் சித்தப்பனுக்கு ஒண்ணும் வேண்டாம், கட்டைவிரல் போதும்.

உனக்கு நான் ஒண்ணு சொல்லுதேன், நாஞ்சில் நாடன் எழுதின ‘மிதவை’. அவரு 1972ல பம்பாய்க்கு வந்து, கம்பெனி வேலைக்கு ஊரூரா அலைஞ்ச மனுசன். 2010ல அவருக்கும் சாகித்திய அகாதமி குடுத்தாவ. மிதவை 1986ல வந்துச்சு. பட்டம் வாங்கிட்டு வேலை தேடி அலைஞ்சு பம்பாய் வந்து சேருத ஒரு பயலோட கதை. சாதி, பசி, ரூம்ல நாலு பேரோட படுக்கை, ரயில்ல நசுங்கல், எல்லாம் இருக்கும். உன் சம்பளச் சீட்டுக்குப் பின்னால எத்தனை பேரு அப்படி நசுங்கியிருக்கான்னு தெரியும். என்னையும் அதுல ஒரு மூலையில பாப்ப. கிங்ஸ் சர்க்கிள்ல தமிழ்ப் பொஸ்தகம் அவ்வளவாக் கெடைக்காது, சயான் தமிழ்ச் சங்கத்துல கேளு, இல்லன்னா உன் கம்ப்யூட்டர்லயே தட்டி வரவழை. படிச்சு முடிச்சுட்டு, அதே பிரதியை ஞாயித்துக்கிழமை எனக்குக் கொண்டா. எழுத்து மட்டும் பெருசா இருக்கணும் ராசா, கண்ணாடி மாத்தக் கூட்டிட்டுப் போறேன்னு உங்கப்பன் பொங்கல்ல இருந்து சொல்லிக்கிட்டே இருக்கான்.